நமத்துப் போகாத கிறிஸ்துமஸ்

காவிரிக் கடைமடையில் டிசம்பர் என்றால் ஈரம். ஐப்பசியில் பிடிக்கும் வடகிழக்குப் பருவமழை மார்கழி வரைக்கும் இழுக்கும். நடுவே வங்கக் கடலில் ஒன்றிரண்டு புயல் சின்னங்கள் வந்து மிரட்டிவிட்டுப் போகும். சில வருடம் மிரட்டலோடு நிற்காது. 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்காலுக்குப் பக்கத்திலேயே கரையேறியது. 2018 நவம்பரில் கஜா, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே புகுந்து டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்துப் போட்டது. புயலே வராத வருடத்திலும் ஜாடியில் உப்பு நீர்விடும், தீப்பெட்டி பற்றாது, காலையில் பொரித்த அப்பளம் மதியத்துக்குள் நமத்துப் போகும்.

இந்த மாதத்தில்தான் கிறிஸ்துமஸ் வருகிறது. அதுவும் வெறுங்கையோடு வருவதில்லை. மொறுமொறுவென்று உடைய வேண்டிய அச்சு முறுக்கு, கடித்தால் சத்தம் கேட்க வேண்டிய கல்கல், கெட்டியாக நிற்க வேண்டிய அதிரசம் என்று ஈரத்துக்குப் பரம விரோதிகளான பலகாரங்களையே துணைக்கு அழைத்துக்கொண்டு வருகிறது. அதனால் இந்தக் கரையோரத்தில் கிறிஸ்துமஸ் பலகாரம் சுடுவது பாதி சமையல், மீதிப் பாதி காற்றோடு போடும் சண்டை.

காரைக்கால் மாவட்டத்தில் நிரவி கொம்யூனைச் சேர்ந்த விழிதியூர், வயலும் வாய்க்காலுமாக இருக்கும் ஊர். டிசம்பரில் இந்தப் பக்கத்தில் சம்பாப் பயிர் பச்சையாக நிற்கும். அறுவடைக்குத் தை பிறக்க வேண்டும். புது அரிசி வீட்டுக்கு வராத, வெயிலை நம்ப முடியாத, கையில் காசும் தாராளமாகப் புரளாத மாதம் இது. பக்கத்து நகரத்து பேக்கரிகளில் கேக் அடுக்கி வைத்திருந்தாலும், வீட்டில் அரைக் கிலோ மாவாவது பிசைந்து எண்ணெய் காய வைக்காவிட்டால் பண்டிகை வந்த மாதிரி இருக்காது. அப்படிச் செய்யும் பலகாரங்களில் விலை உயர்ந்த பொருள் அதிகம் இல்லை. அரிசி, மைதா, தேங்காய், சர்க்கரை, எள், முட்டை. வேண்டியதெல்லாம் நாலு கையும் நல்ல பொறுமையும்.

நாலு கொடி, ஒரே தேங்காய்ப்பால்

காரைக்காலை நடுவில் வைத்து வடக்கும் தெற்குமாக ஒரு கோடு போட்டால், ஒரு நாளுக்குள் சுற்றிவிடக்கூடிய கடற்கரையில் நாலு ஐரோப்பிய நாடுகளின் கிறிஸ்துமஸ் அடங்கிவிடும். நாகப்பட்டினத்தில் 16-ஆம் நூற்றாண்டிலேயே போர்த்துகீசியர் இருந்தார்கள்; 1658-இல் அது டச்சுக்காரர் கைக்குப் போனது. தரங்கம்பாடியில் 1620-இல் டேனியர் வந்து டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். அங்கேதான் 1706 ஜூலை 9 அன்று லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் வந்து இறங்கினார். 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம் இன்றும் அங்கேயே நிற்கிறது. பிரெஞ்சுக்காரர் காரைக்காலைப் பெற்றது 1739-இல். தெற்கே வேளாங்கண்ணி மாதா கோயில் 1962-இல் பசிலிக்கா ஆனது. காரைக்கால் நகரத்துக்குள் தேற்றரவு அன்னை ஆலயம்.

2011 கணக்கெடுப்பில் காரைக்கால் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 2 லட்சம். ஏறக்குறைய பத்தில் ஒருவர் கிறிஸ்தவர். எண்ணிக்கையில் சிறிய கூட்டம்தான். ஆனால் சமையலில் அவர்கள் செய்திருப்பது சின்ன வேலை இல்லை. கடல் தாண்டி வந்த அச்சையும் முட்டையையும் மைதாவையும் வாங்கிக்கொண்டு, வெண்ணெயும் மாட்டுப்பாலும் இருந்த இடத்தில் தேங்காய்ப்பாலை ஊற்றினார்கள். கோதுமை இருந்த இடத்தில் பச்சரிசியைக் கொண்டுவந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்தது வடிவம். உள்ளே இருப்பது முழுக்கவும் டெல்டா.

அச்சு முறுக்கே இதற்குச் சாட்சி. நார்வேயிலும் ஸ்வீடனிலும் கிறிஸ்துமஸுக்குப் பூ வடிவ இரும்பு அச்சை மாவில் தோய்த்துக் கொழுப்பில் பொரிக்கிறார்கள். ஈரானில் நவ்ரோஸ் பண்டிகைத் தட்டில் இதே பூ இருக்கிறது. மெக்சிகோவில் இலவங்கப்பட்டைச் சர்க்கரை தூவிச் சாப்பிடுகிறார்கள். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையில் இதன் பெயர் கொக்கிஸ். சித்திரைப் புத்தாண்டுக்கு அது இல்லாத சிங்கள வீடு இல்லை. குளிர்நாட்டுக்காரர் பாலிலும் கோதுமை மாவிலும் செய்ததை இலங்கைக்காரரும் நம் ஊர்க்காரரும் அரிசி மாவிலும் தேங்காய்ப்பாலிலும் செய்கிறார்கள். ஈரக் காற்றில் கோதுமை மாவுப் பூ சீக்கிரம் தொய்ந்துவிடும். அரிசிப் பூ இன்னும் சில நாள் தாக்குப்பிடிக்கும்.

அச்சு காய்ந்ததா?

வேலை மாவிலிருந்தே தொடங்குகிறது. பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை ஒட்ட வடித்து, வெள்ளைத் துணியில் பரப்பி உலர்த்த வேண்டும். முழுக்கக் காயக் கூடாது. கையில் எடுத்தால் ஒட்டாமல், ஆனால் ஈரம் தெரிகிற பதம். வெயிலில்லாத மாதத்தில் இதை மின்விசிறிக்கு அடியில்தான் செய்ய வேண்டியிருக்கிறது. பிறகு மாவு மில். அங்கே இன்னொரு கண்டம் காத்திருக்கும். முன்னால் வந்தவர் மிளகாய்த்தூள் அரைத்துவிட்டுப் போயிருந்தால், அந்த வருடத்து அச்சு முறுக்கில் காரம் ஏறிவிடும். அதனால்தான் பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் ஈர அரிசி அரைப்பதற்கென்று தனி நேரம் கேட்டுவைத்துக்கொண்டு போகிறார்கள்.

ஒரு டம்ளர் அரிசி மாவுக்குக் கால் டம்ளர் மைதா, அரை டம்ளர் பொடித்த சர்க்கரை, ஒரு முட்டை, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு ஸ்பூன் எள். இவற்றைக் கெட்டியான தேங்காய்ப்பால் விட்டுக் கரைக்க வேண்டும். தோசை மாவைவிட இளக்கமாக, கரண்டியில் எடுத்தால் மெல்லிய தோலாக ஒட்டிக்கொண்டு வழிய வேண்டும். சர்க்கரை கூடினால் சீக்கிரம் கருகும், அச்சையும் விட்டு வராது. முட்டை கூடினால் மொறுமொறுப்பு போய் மெத்தென்று ஆகிவிடும்.

அடுத்தது அச்சு. நீளமான கம்பியின் நுனியில் பூப்போன்ற இரும்போ பித்தளையோ. புது அச்சு எந்த வீட்டிலும் முதல் நாள் ஒத்துழைக்காது. அதை இரவு முழுக்க எண்ணெயில் ஊறப்போட்டு, மறுநாள் காயும் எண்ணெயில் அரைமணி நேரம் அப்படியே விட்டு எடுத்தால்தான் மாவைப் பிடித்து, மாவை விடவும் கற்றுக்கொள்ளும். பழைய அச்சுக்கு இந்த உபசாரம் தேவையில்லை. அதனால்தான் மாமியாரின் அச்சை மருமகள் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். பக்கத்து வீட்டுக்கு இரவல் போன அச்சை மறக்காமல் திருப்பி வாங்குகிறார்கள்.

எண்ணெய் காய்ந்ததும் வெறும் அச்சை உள்ளே முக்கி வைக்க வேண்டும். அடுப்படியில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, “அச்சு காஞ்சுதா?” காய்ந்த அச்சை எடுத்து ஒரு உதறு உதறி, மாவில் முக்கால் உயரம்வரை மட்டும் தோய்க்கிறார்கள். அந்த நொடியில் ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அச்சு ஆறிவிட்டது, மாவு ஒட்டாது. அச்சின் மேல்விளிம்பு மூழ்கிவிட்டால் மாவு மேலே மூடிக்கொண்டு பூ கழன்று வராது. தோய்த்த அச்சை எண்ணெய்க்குள் இறக்கிப் பத்து எண்ணுவதற்குள் லேசாக ஆட்டினால், பூ தானாகக் கழன்று மிதக்கும். கழலாமல் அடம்பிடிப்பதைத் தள்ளிவிட ஒரு முறுக்குக் கம்பியோ ஈர்க்குச்சியோ பக்கத்தில் தயாராக இருக்கும். முதல் மூன்று நாலு பூக்கள் எப்போதும் உடைந்துதான் வரும். அவை சுற்றி உட்கார்ந்திருக்கும் குழந்தைகளின் கணக்கு.

எண்ணெயில் குமிழி அடங்குகிறதா என்பதுதான் இதில் பார்க்க வேண்டிய அடையாளம். அந்தக் குமிழி, மாவுக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேறுவது. நிறம் வந்துவிட்டதே என்று குமிழி அடங்குமுன் எடுத்தால், உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் அன்று ராத்திரியே பூவைத் தொய்ய வைத்துவிடும். அதனால் நடுத்தரமான தீ. அவசரப்பட்டுத் தீயை ஏற்றினால் வெளியே சிவக்கும், உள்ளே நமத்துவிடும். தட்டில் எடுத்ததும் மூடிவைக்கவும் கூடாது. சூடு போகாமல் டப்பாவில் அடைத்தால் அதன் ஆவியே அதைக் கெடுத்துவிடும். முழுக்க ஆறியதும் காகிதம் விரித்த பிஸ்கட் டின்களில் அடுக்கி, தினம் திறப்பதற்கு ஒன்று, கிறிஸ்துமஸ்வரை தொடக்கூடாதது ஒன்று என்று பிரித்துவைப்பது விவரமான வீடுகளின் வழக்கம். ஒரே டின்னில் போட்டுவைத்தால், ஒருநாளைக்குப் பத்துத் தடவை மூடி திறக்கும் வீட்டில் பண்டிகைவரை எதுவும் மொறுமொறுக்காது.

முள்கரண்டியும் புதுச் சீப்பும்

கல்கல்லுக்கு அச்சு வேண்டாம். முள்கரண்டியின் முதுகு போதும். அது இல்லாத காலத்தில் கடையில் வாங்கிய புதுச் சீப்பைக் கழுவி, இதற்கென்றே தனியாக எடுத்துவைத்துக்கொள்வார்கள். கோவாவிலும் மங்களூரிலும் கிறிஸ்துமஸ் தட்டில் இதே பலகாரம் உண்டு. மேற்குக் கடற்கரையில் தொடங்கிச் சென்னை, புதுச்சேரி, நாகை என்று கிறிஸ்தவர்கள் இருக்கும் துறைமுகமெல்லாம் கல்கல் இருக்கிறது.

அரைக் கிலோ மைதாவுக்கு 50 கிராம் வெண்ணெயைப் போட்டு முதலில் விரல் நுனியால் தேய்த்து உதிர்க்க வேண்டும். வெண்ணெய் மாவின் மேல் படிந்தால்தான் பிசையும்போது மாவு ஜவ்வாக இழுக்காது. இழுத்தால் கல்கல் பேருக்கேற்றபடி கல்லாகிவிடும். இரண்டு முட்டை, 125 கிராம் பொடித்த சர்க்கரை, துளி உப்பு, பிறகு முதல் தேங்காய்ப்பாலைக் கை பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, சப்பாத்தி மாவைவிடச் சற்றுக் கெட்டியாகப் பிசைந்து, ஈரத்துணி போட்டு ஒரு மணி நேரம் மூடிவைக்க வேண்டும். கோலிக்குண்டு அளவு உருண்டை எடுத்து, முள்கரண்டி முதுகில் கட்டைவிரலால் அழுத்தி, அப்படியே சுருட்டினால் வரிவரியாகச் சின்னச் சங்கு மாதிரி வரும்.

அரைக் கிலோவில் நூற்றுக்கணக்கான உருண்டைகள் வரும். ஒருவர் செய்தால் ராத்திரி முடியாது. கல்கல் என்பதே அதனால்தான் கூட்டு வேலை. பாயை விரித்து நடுவில் ஒரு தாம்பாளத்தை வைத்து, பாட்டி முதல் பள்ளிக்கூடப் பிள்ளைவரை சுற்றி உட்கார்ந்து உருட்டுவார்கள். வேலை நடக்கும்போதே புது உடுப்பு யாருக்கு வாங்கியாகிவிட்டது, கேரல் பாட்டில் தபேலா யார் வாசிப்பது, நட்சத்திரத்துக்கு ஒயர் இழுப்பது யார் என்பதெல்லாம் பேசி முடிந்துவிடும். டிவி பார்த்துக்கொண்டே உருட்டுகிறவர்களின் கல்கல்லைத் தனியாகக் கண்டுபிடிக்கலாம். ஒரு பக்கம் தடித்திருக்கும், வேகாது.

மிதமான தீயில் சிவக்கப் பொரித்ததும், சிலர் அப்படியே வைத்துவிடுவார்கள். சிலர் சர்க்கரைப் பாகு வைத்து, பாகு கெட்டியாகி வெள்ளை பூக்கும் சமயத்தில் கல்கல்லைக் கொட்டிப் புரட்டுவார்கள். மழை மாதத்தில் பாகு பூசியதற்கே மதிப்பு அதிகம். மேலே உறைந்த சர்க்கரை ஒரு சட்டை மாதிரி நின்று ஈரத்தை உள்ளே விடாது.

அதிரசத்தின் கதை வேறு. வெல்லப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் விரலில் உருட்ட வர வேண்டும். அந்தப் பதத்தில் ஈர அரிசி மாவைக் கொட்டிக் கிளறி, இரண்டு மூன்று நாள் ஊறவிட்டுத் தட்டுகிறார்கள். தீபாவளிக்குச் செய்த அதே அதிரசம்தான். சோமாஸும் தேன்குழலும் அப்படித்தான். கார்த்திகைப் பொரி தீர்ந்து, பொங்கல் பானை ஏறுவதற்கு முன்னால் அதே வாணலியில் இன்னொரு பண்டிகை நடந்துவிட்டுப் போகிறது.

ஓவன் இல்லாமல் கேக்

இந்தியாவில் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று சொல்லப்படுவது வெந்தது காரைக்காலைப் போலவே பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த சகோதர ஊரான மாஹேக்குப் பக்கத்தில். மாம்பள்ளி பாபு என்பவர் பர்மாவில் பிஸ்கட் செய்யக் கற்று வந்து, 1880-இல் தலச்சேரியில் ராயல் பிஸ்கட் பேக்டரி தொடங்கினார். 1883-இல் அஞ்சரக்கண்டி இலவங்கப்பட்டைத் தோட்டத்து முதலாளி பிரவுன், இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பிளம் கேக் ஒன்றைக் கொடுத்து இதேபோல் செய்துதரச் சொன்னார். மாஹேயில் கிடைக்கும் பிரெஞ்சு பிராந்தியைச் சேர்க்கும்படி அவர் யோசனை சொன்னாராம். பாபுவோ முந்திரிப்பழத்தையும் கதலிப்பழத்தையும் புளிக்கவைத்த உள்ளூர்ச் சரக்கை ஊற்றிச் செய்துகொடுத்தார் என்பது குடும்பத்தார் சொல்லும் கதை. பிரவுன் இன்னும் ஒரு டஜன் கேட்டதாகவும் சொல்கிறார்கள்.

பிரெஞ்சு பிராந்திக்குப் பதில் பக்கத்துத் தோப்புச் சரக்கு என்ற அதே புத்திதான் புதுச்சேரியின் விவிக்கம் கேக்கிலும் இருக்கிறது. மைதா கேக் என்று நினைத்து வாயில் வைத்தால் ஏமாந்துவிடுவோம். ரவையை வெண்ணெயோடும் நிறைய முட்டையோடும் அடித்து, முந்திரி, திராட்சை, ஆரஞ்சுத் தோல், கொஞ்சம் ரம் சேர்த்து, ரவை ஊறுவதற்கு நேரம் கொடுத்து வேகவைக்கும் கனமான கேக் அது. புதுச்சேரிப் பழைய கிறிஸ்தவக் குடும்பங்களின் கிறிஸ்துமஸ் இதோடுதான் தொடங்கும். பிரெஞ்சும் தமிழும் கலந்த இந்தச் சமையலை வீட்டுக் குறிப்புகளாகத் தொகுத்து, லூர்து திருவாஞ்சியம் லூயி 2012-இல் ‘தி பாண்டிச்சேரி கிச்சன்’ என்ற புத்தகம் போட்டார்.

ரவை, முட்டை, சர்க்கரை, நெய் என்ற இந்தக் கூட்டணி காரைக்கால், நாகூர் முஸ்லிம் வீடுகளுக்கும் பழக்கமானது. அங்கே தம் அடை என்று பெயர். பாத்திரத்துக்குக் கீழே ஒரு தணல், மூடிக்கு மேலே ஒரு தணல் என்று வைத்து, இரண்டு பக்கச் சூட்டில் சிவக்க எடுப்பார்கள். இலங்கைக்குப் போனால், கிறிஸ்துமஸ் ரிச் கேக்கிலும் ரவைதான். கூடவே பொடியாக நறுக்கிய முந்திரியும் நீர்ப்பூசணித் தோசியும். அதை முன்கூட்டியே செய்து, வரும் விருந்தினருக்குக் காகிதத்தில் சுற்றிய சின்னத் துண்டுகளாகக் கொடுப்பது அங்குள்ள வழக்கம். நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. கடல் நடுவே இருந்தாலும் இரண்டு கரையிலும் டிசம்பர் மழை ஒன்றுதான். கேக்கில் சேரும் சர்க்கரையும் ஊறிய பழமும் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால் பூஞ்சைக்கு எளிதில் இடம் கிடைப்பதில்லை. பொரித்த பலகாரம் ஈரத்தை விரட்டுகிறது. பழக் கேக் ஈரத்தைக் கட்டிப்போடுகிறது.

விழிதியூர் போன்ற ஊரில் ஓவன் இருக்கும் வீடுகள் குறைவு. குக்கர் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. கனமான குக்கரில் தண்ணீர் விடாமல், அடியில் ஒரு விரற்கடை அளவு கல் உப்பு பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் சூடேற்றுகிறார்கள். பிறகு நெய் தடவி மாவு தூவிய கிண்ணத்தில் கலவையை ஊற்றி உள்ளே வைத்து, குறைந்த தீயில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். நடுவில் ஒரு ஈர்க்குச்சியைக் குத்திப் பார்த்து, மாவு ஒட்டாமல் வந்தால் இறக்கலாம். கேஸ்கெட்டைக் கழற்ற மறக்கக்கூடாது. காய்ந்த குக்கரில் ரப்பர் கருகினால் அந்த வாசனை கேக்கிலிருந்து லேசில் போகாது.

பழத்துக்கும் பெரிய செலவு வேண்டியதில்லை. கடையில் கலர் கலராக விற்கும் டூட்டி ஃபுரூட்டி பெரும்பாலும் பப்பாளிக்காய்தான். கொல்லையில் காய்த்த பப்பாளியைப் பழுப்பதற்குமுன் பறித்து, தோல் சீவிக் கடுகு மாதிரி இல்லாமல் மொச்சை அளவுக்கு நறுக்கி, கண்ணாடி மாதிரி ஆகும்வரை வேகவைத்து, வடித்து, சர்க்கரைப் பாகில் ஒருநாள் ஊறவிட்டால் போதும். திராட்சை, பேரீச்சையோடு இதையும் ஆரஞ்சுச் சாற்றில் ஊறப்போடலாம். ரம்மில் ஊறவைக்கிறவர்களுக்குக் காரைக்காலில் விலைச் சலுகை உண்டு என்பது ஊரறிந்த ரகசியம். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடிக்குப் போனால், கேக்குக்குத்தான் என்று சொல்வது அங்கே செல்லுபடியாகாது.

கேக்கின் கறுப்பு நிறத்துக்கும் கடைச் சாயம் வேண்டாம். அடிகனமான பாத்திரத்தில் நாலு ஸ்பூன் சர்க்கரையை உருக்கி, காப்பி நிறத்துக்குக் கருகும்போது கொதிக்கும் தண்ணீரைத் தள்ளி நின்று ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சீறித் தெறித்துக் கையைச் சுட்டுவிடும். ஆறிய இந்தக் கருஞ்சாறு இரண்டு ஸ்பூன் இருந்தால் முக்கால் கிலோ கேக்குக்கு நிறமும் லேசான கசப்பும் வந்துவிடும்.

முதலில் முட்டை சேராதது

ஈரம் உதவி செய்யும் ஒரே இடம் குடில். 1223-இல் இத்தாலியின் கிரெச்சியோவில் அசிசியின் பிரான்சிஸ் முதல் குடிலை அமைத்தார் என்பார்கள். இங்கே வைக்கோலுக்கும் மண்ணுக்கும் பஞ்சமில்லை. டிசம்பர் நடுவில் தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகோ நெல்லோ கடுகோ தூவிவிட்டால், 24-ஆம் தேதிக்குள் குடிலுக்கு முன்னால் பச்சைப் புல்வெளி தயார்.

அந்த வாரத்தில் காரைக்கால் சும்மா இருப்பதில்லை. திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி விழா 2017-இல் டிசம்பர் 19, 2020-இல் டிசம்பர் 27, 2023-இல் டிசம்பர் 20 என்று தொடர்ந்து கிறிஸ்துமஸை ஒட்டியே வந்தது. சனீஸ்வரனுக்கு எள் விளக்கு ஏற்ற வெளியூர்க் கூட்டம் பஸ் பஸ்ஸாக இறங்கும் அதே நாட்களில், சில கிலோமீட்டர் தள்ளி அச்சு முறுக்கு மாவில் எள் விழுகிறது. மார்கழிக் கோலம் போட்ட வாசலுக்குப் பக்கத்து வாசலில் நட்சத்திரம் தொங்குகிறது.

பலகாரத் தட்டு இந்த வாசல்களுக்கெல்லாம் போக வேண்டும். அதனால் பல வீடுகளில் ஒரு ஒழுங்கு கடைப்பிடிக்கிறார்கள். புது எண்ணெயில் முதலில் பொரிவது முட்டை சேராத முறுக்கும் அதிரசமும். மார்கழியில் கவிச்சி தொடாத அக்கம்பக்கத்து வீடுகளுக்கான பங்கு அது. அதைத் தனி டின்னில் எடுத்துவைத்த பிறகுதான் முட்டை கலந்த மாவு அடுப்படிக்கு வரும். தட்டின் மேல் கைக்குட்டை போர்த்திக் குழந்தைகள் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். தட்டு வெறுமையாகத் திரும்பி வராது. சர்க்கரையாவது இரண்டு வாழைப்பழமாவது அதில் இருக்கும். தீபாவளிக்கு வந்த தட்டுக்கும் ரம்ஜானுக்கு வந்த கஞ்சிக்கும் கணக்கு நேராவது டிசம்பரில்தான்.

24-ஆம் தேதி மாலையில் சமையலறைக்கு வேறு வேலை. நள்ளிரவுத் திருப்பலிக்குப் போய்த் திரும்பும்போது மணி இரண்டாகிவிடும். அதனால் இட்லி மாவு முன்னாலேயே அரைத்து வைத்தாக வேண்டும். குளிரிலும் மழையிலும் மாவு மெதுவாகப் புளிக்கும் என்பதால் கோடையில் ராத்திரி அரைப்பதை இப்போது மத்தியானமே அரைக்கிறார்கள். காலையில் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். கறிக்கடையில் வரிசை விடியுமுன்பே நீண்டுவிடும் என்பதால் முதல்நாளே சொல்லிவைப்பவர்களுக்கே தொடைக்கறி. மதியம் பிரியாணி, தயிர் வெங்காயம். பால் பாயசமோ சேமியாவோ இலையில் விழும்போது, சாப்பிட்டவர்கள் பாதி தூக்கத்தில் இருப்பார்கள்.

மறுநாள் காலை இந்தக் கரையில் வேறு மாதிரி விடிகிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் முடிந்த காலையில்தான் சுனாமி வந்தது. பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு என்று மீனவக் கிராமங்கள் நூற்றுக்கணக்கானவர்களைப் பறிகொடுத்தன. கிறிஸ்துமஸுக்காக வேளாங்கண்ணிக்கு வந்து தங்கியிருந்த வெளியூர்க்காரர் பலர் திரும்பவில்லை. இன்றும் பல மீனவ ஊர்களில் அந்த நாளில் படகு கடலுக்குப் போவதில்லை. கடற்கரையில் அஞ்சலி, கோயிலில் திருப்பலி. மீன் வராத அந்த நாளில், முதல்நாள் கறிக்குழம்பைச் சுண்ட வைத்துப் பழைய சோற்றோடு முடித்துக்கொள்கிறார்கள். 27-ஆம் தேதிதான் மீன்குழம்பு கொதிக்கும். சித்திரை வெயிலில் வெங்காயமும் பூண்டும் உளுந்தும் சேர்த்து உருட்டிக் காயவைத்த வடகத்தைத் தாளித்து இறக்கினால், நாலு நாளாகத் தித்திப்புத் தின்ற நாக்குக்கு அப்போதுதான் உயிர் வரும்.

பெட்டியில் ஏறும் பங்கு

காரைக்காலின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1 அன்று. அதற்காக 1956 மே 28-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நடைமுறைக்கு வந்தது. காரைக்கால் போன்ற பிரெஞ்சுப் பகுதிகளில் பிறந்தவர்கள் விரும்பினால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று அப்போது ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பாரிஸ் பக்கத்தில் இருக்கிறார்கள். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் தனிக்கணக்கு. டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்களுக்காகவே சில வீடுகளில் இரண்டு பங்கு மாவு பிசைகிறார்கள்.

திரும்பிப் போகும்போது எதைக் கட்டிக்கொடுப்பது என்பதில் அம்மாக்களுக்கு இப்போது நல்ல தேர்ச்சி. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோகத் தடை இருக்கிறது. அதனால் கறித்தொக்கும் பால்கோவாவும் வாசலோடு நின்றுவிடும். பிஸ்கட், கேக் வகைகளுக்கு அந்தத் தடை இல்லை. கல்கல் எதற்கும் அசையாது. பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை அமுக்கி, துணிகளுக்கு நடுவே 23 கிலோ பெட்டியில் திணித்துவிடலாம். அச்சு முறுக்கு அப்படி இல்லை. உருண்டையான டின்னில் காகிதம் வைத்து ஒவ்வொன்றாக அடுக்கி, இடைவெளியில் கல்கல்லையே நிரப்பி, கையோடு கொண்டுபோகும் பையில் வைத்துவிடுகிறார்கள். விமான நிலையச் சோதனையில் திறந்து காட்டச் சொன்னால், காட்டுகிறவர் ஒன்றிரண்டை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் மூடுவார். ஜனவரி 6 மூவரசர் திருநாள்வரை அங்கே அது தீராமல் இருந்தால், மாவு பிசைந்தவரின் கணக்கு சரியாக இருந்தது என்று பொருள். அதற்குள் தீர்ந்துவிட்டதாகப் போன் வந்தால், அடுத்த வருடம் அரைக் கிலோ கூடும்.